கொதித்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும்

நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். கள ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்தவள், பெயர் அஞ்சனா. ஹோட்டல் சமையலறைகளுக்குப் போனால் நிரப்ப வேண்டிய படிவம் இப்போது கைபேசிக்குள்ளேயே இருக்கிறதாம். அதன் தலையில் ஒரு வரி வருகிறதாம்: 'ஆபத்தானது எதையாவது கண்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அதனால் ஆய்வு கெட்டாலும் பரவாயில்லை.' இது யாருக்கும் தெரிந்த விஷயம்தானே, இதைப் போய் ஏன் ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள் சேச்சி என்று மலையாளத்தில் கேட்டாள். பழைய ஆட்களைக் கேட்டதற்கு, பகவதி சேச்சியைக் கேள் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்தார்களாம்.

போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்த வரி என்னால் வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது ஆரியசாலைக் கடைத்தெருவில். அப்பாவுக்கு ஒரு மொத்த வியாபாரக் கடையில் மிளகாய் நிறுக்கிற வேலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சீசா கழுவினேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்த நிலையத்தில் ஆள் எடுத்தபோது எனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் என் மதிப்பெண் இல்லை. நகரத்தின் சிறிய ஹோட்டல்களில் அடுப்படியில் நிற்பவர்களில் நிறையப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் தமிழில் பேசவும், பேசியதை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஆராய்ச்சி இதுதான்: ஹோட்டலில் சாப்பிட்டு ஜனங்களுக்கு நோய் வருவதை எப்படித் தடுப்பது? அபராதம் போட்டு மிரட்டினால் நிற்குமா, சொல்லிக்கொடுத்தால் நிற்குமா? அதற்கு மூன்று கட்டம் வைத்திருந்தோம். முதல் கட்டத்தில் வெறுமனே பார்க்க வேண்டும். இரண்டாவதில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாவதில் மறுபடியும் பார்த்து, என்ன மாறியது என்று ஒப்பிட வேண்டும். முதல் கட்டத்திலேயே வாயைத் திறந்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஆகவே முதல் கட்டத்தில் பேசக் கூடாது. அது எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு.

உத்தரவு போட்டவர் டாக்டர் ஏலியாம்மா. குள்ளமாக, பருத்திச் சேலையும் ரப்பர் செருப்புமாக வருவார். எந்தச் சமையலறைக்குள் நுழைவதற்கு முன்பும் கைக்கடிகாரத்தையும் இரண்டு வளையல்களையும் கழற்றிப் பைக்குள் போடுவார். எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நின்று, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். யாரையும் கை கழுவு என்று சொல்லமாட்டார். "நம்மள் போலீஸல்ல பகவதீ. அவங்களுடெ அடுக்களயில் வந்த விருந்துக்காரர்" என்பார்.

சாயங்காலம் நாலு மணிக்கு என் நோட்டுப் புத்தகத்தை அவர் மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்: கண்டது, கேட்டது, தோன்றியது. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் பென்சிலால் லேசாக ஒரு கோடு விழும். ஒருநாள் 'அழுக்குத் துணியால் மேசை துடைக்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன்.

"அழுக்கு நீ கண்டதா, தோணியதா?"

"கண்டதுதான் மேடம்."

"என்ன நிறம்? எத்தனை மேசை துடைச்சு? இடையில் அலம்பியோ?"

மறுநாள் போய் எண்ணினேன். அந்த வேலையை நான் கற்றது அப்படித்தான். இன்றைக்கும் யாராவது ஒன்றைச் சொன்னால் அது எந்தப் பத்தியில் வரும் என்றுதான் மனம் முதலில் பார்க்கிறது.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சுடலைமுத்து அண்ணாச்சியின் சைவ ஹோட்டல் இருந்தது. பத்து மேசை. கோயிலுக்கு வருகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், மாடியில் இருந்த லாட்ஜில் தங்குகிறவர்கள் என்று கூட்டம் ஓயாது. அங்கே பின்கட்டில் மாவு அரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் குடிதண்ணீர் கொதிக்கவைப்பதும் இசக்கியம்மாளின் வேலை. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. மகளை ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு, கரமனை ஆற்றங்கரையில் ஒற்றை அறையில் குடியிருந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை, எவ்வளவு சொல்லியும், மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

மூன்று வாரம் அந்தப் பின்கட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இசக்கியக்கா வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பெரிய அண்டாவைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதித்துப் புரளும்வரை காத்திருப்பார். பிறகு ஒரு பிடி பதிமுகப் பட்டையைப் போடுவார். அந்த மரப்பட்டை விழுந்த இடத்திலிருந்து சிவப்பு நூல் நூலாகப் பிரிந்து, கொஞ்ச நேரத்தில் அண்டா முழுக்க ரோஜா நிறமாகிவிடும். இந்த ஊரில் ஹோட்டல் தண்ணீருக்கு அந்த நிறம் இருந்தால் அது கொதித்த தண்ணீர் என்று அர்த்தம். யாரும் கேள்வி கேட்காமல் குடிப்பார்கள்.

அண்டாவை இறக்கிய பிறகு, பின்னால் இருந்த தரைத்தொட்டியிலிருந்து இரண்டு வாளி பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து அதில் ஊற்றுவார். சூடு தணியும். நிறம் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். உடனே சர்வர்கள் ஜக்கில் மொண்டு மேசைகளுக்குக் கொண்டு போவார்கள்.

'கண்டது' பத்தியில் முதல் நாளே எழுதினேன். மேடம் படித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டார். "இது ரெண்டாம் கட்டத்தில் ஆத்யம் சொல்லேண்டது" என்றார். இரண்டாம் கட்டம் வரட்டும், முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். மூன்று வாரமும் தினமும் அதையே எழுதினேன். இசக்கியக்கா தினமும் எனக்கு ஒரு தம்ளரில் அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்து வைப்பார். "டீ போதும்க்கா" என்பேன். ஒருநாளும் அந்தத் தம்ளரைத் தொடவில்லை.

பிறகு வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து மேடத்துக்குத் தகவல் வந்தது. பழவங்காடி, கோட்டைப் பக்கமிருந்து மஞ்சள் காமாலைக்காரர்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். எங்களைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

இந்த நோய் உடம்புக்குள் போன அன்றைக்கே முகத்தைக் காட்டாது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு ஏழு வாரம் வரை பதுங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு நோயாளியிடமும், போன ஏழு வாரத்தில் எங்கே சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்க வேண்டும். யாருக்கு ஞாபகம் இருக்கும்? சம்பள நாள், கோயில் திருவிழா, மழை பெய்த நாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்துக் கேட்பேன். நோய் வந்தவர்களைக் கேட்டால் மட்டும் போதாது. அவர்களோடு அதே இடத்தில் சாப்பிட்டும் நோய் வராதவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது பட்டியல்தான் துப்புக் கொடுக்கும் என்பார் மேடம்.

வார்டில் நாலாவது கட்டிலுக்குப் போனேன். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

"வாங்க மேடம். இங்கயும் நோட்டுப் புஸ்தகமா?" என்றார் இசக்கியக்கா.

படிவத்தில் இருந்ததைக் கேட்டேன். எங்கெல்லாம் தண்ணீர் குடித்தீர்கள்?

"நான் எங்க போகப் போறேன்? கடையிலதான். நானே கொதிக்க வச்ச வெள்ளம். அதுல என்ன வரும்?"

'கொதித்த தண்ணீர் மட்டுமே குடித்ததாகச் சொல்கிறார்' என்று எழுதினேன்.

அன்று மத்தியானம் மேடமும் நானும் ஹோட்டலுக்குப் போனோம். தரைத்தொட்டியின் மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. ஒரு முழ தூரத்தில் லாட்ஜின் கழிவுநீர்க் குழாய். தொட்டித் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும், அது அப்படியே இருந்தது. அழுக்குக் கிருமி இருந்தால் கறுக்கிற சோதனைச் சீசா ஒன்றில் கொஞ்சம் பிடித்து மூடினோம். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனபோது மேசைமேல் இருந்த சீசா மசி மாதிரி கறுத்திருந்தது. இரண்டாவது பட்டியலும் அதற்குள் சேர்ந்துவிட்டது. அங்கே சாப்பிட்டும் டீயும் காப்பியும் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஜக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் படுத்தார்கள்.

அன்றைக்கே லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரை முதல் நாள் நான்தான் பேட்டி எடுத்திருந்தேன்.

நான் நேராக வார்டுக்குப் போனேன். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க கொதிக்க வெச்சது சரிதான். அப்புறம் ரெண்டு வாளி ஊத்துனீங்கல்ல, அந்தத் தொட்டித் தண்ணியிலதான் வந்திருக்கு."

"சூட்டோட சூடாத்தான ஊத்துதேன்? அதுவும் வெந்து போகாதா?"

"போகாதுக்கா. சூடு தணியத்தான ஊத்துறீங்க. தணிஞ்ச சூட்டுல அது சாகாது."

"அப்ப எல்லாருக்கும் நான்தான் குடுத்தேனா?"

"நீங்க தெரியாம ஊத்துனீங்க. எனக்குத் தெரியும்க்கா. மூணு வாரம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். முதல் கட்டத்துல பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அதான் நீங்க எங்க தண்ணியத் தொடவே இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? சாதி பாக்காங்க போல, நம்ம கையால தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். பெறகு, டீ குடிக்காங்களே, அப்படி இருக்காதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். இது அதவிட மோசமால்லா இருக்கு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி ஒரு வெள்ளைத்தாளில் ராஜினாமா எழுதிக்கொண்டு போய் மேடத்தின் முன் வைத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார்.

"இது ஆருடெ நட்சத்திரம்?"

"மேடம் போட்டது."

"அப்போ ராஜிக்கத்து ரெண்டு வேணம். அது பின்னெ எழுதலாம். இப்போ வா, பஸ் பிடிக்கலாம்."

வழியில் இறங்கி ஆரஞ்சு வாங்கினார். வார்டில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கழற்றிய வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பழத்தை உரித்தார். ஒரு சுளையை இசக்கியக்காவின் கையில் வைத்தார்.

"இசக்கியம்மா, இவள் பேரில் கோபம் வேண்டா. பேசக்கூடாதுன்னு சொன்னது ஞான். எனிக்குத்தான் தெற்று பற்றியது, தப்பு என்டெது."

இசக்கியக்கா எழுந்து உட்கார்ந்தார். "அந்த லாட்ஜுக்காரரு செத்துப்போனது என் தண்ணியாலயா டாக்டரம்மா?"

மேடம் இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஒரு ஆளைப் பிடிச்சு, இன்னதாலதான்னு உறுதியாச் சொல்லான் பற்றில்ல. அவருக்கு ஈரல் முன்னாடியே சரியில்ல. பட்சே, இல்லன்னும் ஞான் சொல்லமாட்டேன். அந்தத் தண்ணியில் உங்க கை உண்டு, இவளுடெ கண் உண்டு, என்டெ பென்சில் உண்டு. தொட்டி மூடாத்த முதலாளியும் உண்டு."

இசக்கியக்கா கையில் வாங்கிய சுளையை வெகுநேரம் தின்னவில்லை. பிறகு அதை இரண்டாகப் பிய்த்து, பாதியை மேடத்திடம் நீட்டினார். மேடம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

என்னிடம் இசக்கியக்கா மூன்று நாள் பேசவில்லை. நான் தினமும் போனேன். கஞ்சி வாங்கி வைத்தேன், துணி அலசிப் போட்டேன், ஊரிலிருந்த மகளுக்குக் கடிதம் எழுதினேன். நாலாவது நாள், கஞ்சித் தூக்கை மூடும்போது திடீரென்று கேட்டார்.

"ஏன் ஊத்துதேன்னு ஒரு நாளாவது கேட்டியளா?"

கேட்கவில்லை. 'கேட்டது' என்ற பத்தியில் காதால் கேட்டதையெல்லாம் எழுதினேன். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

"இருக்கது ஒரு அண்டா. காலம்பற ஒரு மணிக்கூறுதான் அடுப்பு எனக்கு. பெறகு சாம்பாருக்கு வேணும்னு மாஸ்டரு எறக்கச் சொல்லிருவாரு. மேசையில இருக்கவங்க, நாக்கு பொத்துப்போச்சு, என்ன வெள்ளம் இதுன்னு சத்தம் போடுவாங்க. ஆறதுக்கு நேரம் எங்க இருக்கு? இன்னொரு அண்டாவும், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் சும்மா கெடக்குற அடுப்புல ஒரு மணி நேரமும் குடுத்தா, மறுநாளுக்கு உள்ளத மொத நாளே கொதிக்க வச்சு மூடி வச்சிருவேன். ராத்திரி முழுக்க அது பாட்டுக்கு ஆறும். பச்சத் தண்ணி எதுக்கு?"

அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேடம் இரண்டு முறை படித்தார். பென்சிலைத் தொடவில்லை. இரண்டாம் கட்டத்துக்காக நாங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து தயாரித்த பாடங்களில், கிருமிகளைப் பற்றிப் படங்களோடு பக்கம் பக்கமாக இருந்தது. அண்டாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஹோட்டலை மூடி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "எல்லாம் அந்தப் பொம்பளையாலதான். கை சுத்தம் கெடையாது. அப்பவே நிப்பாட்டியிருக்கணும். அவ இனி இங்க வர வேண்டாம்."

மேடம் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த மூடியின் வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். அவர் குனிந்து பார்த்தார். "ஒரு பாத்திரத்தில் எடுத்து இப்போ குடிக்கலாமோ?" என்று மேடம் கேட்டார். அண்ணாச்சி நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுகாதார அலுவலகத்துக்குப் போன அறிக்கையில், காரணம் தொட்டி என்றும் கலக்கும் முறை என்றும் எழுதியிருந்தது. இசக்கியக்காவின் பெயர் எங்கேயும் இல்லை.

தொட்டியைப் புதிதாகக் கட்டி, கடையைத் திறக்கும் நேரத்தில் அண்ணாச்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கரமனை அறைக்குத் திரும்பியிருந்த இசக்கியக்காவை அவரே போய்க் கூப்பிட்டார். கஞ்சி கொண்டு போயிருந்த நானும் அப்போது அங்கே இருந்தேன். இசக்கியக்கா உடனே சரி என்று சொல்லவில்லை.

"ரெண்டு அண்டா வேணும் அண்ணாச்சி. மூடி போட்டு, அடியில குழாய் வச்சது. கரண்டி உள்ள போகக்கூடாது. மத்தியானம் அடுப்பு எனக்கு. தண்ணிய என்னத் தவிர யாரும் தொடக்கூடாது."

"நீ என்ன முதலாளியா?"

"தண்ணிக்கு நான்தான்."

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே போனார். அண்டாக்கள் வந்தன.

இரண்டாம் கட்டப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம். ஒவ்வொரு ஹோட்டலிலும் முதலில் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டோம். ஆரியசாலையில் ஒரு மண்டபத்தில் ஹோட்டல் தொழிலாளர்களைக் கூட்டியபோது, பேச வேண்டியவள் நான். எனக்கு முன்னால் இசக்கியக்கா எழுந்துவிட்டார். "நான் தெரியாம பச்சத்தண்ணி ஊத்தினேன். இந்த மேடம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வந்திருக்கோம். கேளுங்க" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் அன்று அந்த மண்டபத்தில் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. ஒருத்தர் கையைத் தூக்கி, எங்கள் கடையில் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கே தெரியாது என்றார். இன்னொருவர் பழைய சாதத்தைப் பற்றிச் சொன்னார். யாரும் கேட்காமலேயே சொன்னார்கள்.

மேடம் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு பத்தி எங்கள் தவறைப் பற்றியது. பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் சொல்லவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதை எடுத்துவிடச் சொல்லி ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. எடுக்கமாட்டேன் என்று பதில் போட்டார். கட்டுரை வேறொரு இதழில், தாமதமாக, அந்தப் பத்தியோடு வெளிவந்தது. படிவத்தில் அஞ்சனா பார்த்த வரியை அவர் எழுதியதும் அப்போதுதான்.

இசக்கியக்கா பிறகும் பல வருடம் அந்த ஹோட்டலில் இருந்தார். விடுமுறை நாளில் என்னோடு மற்ற ஹோட்டல்களுக்கு வருவார். எப்போது 'மேடம்' என்பதை விட்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை. மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும், முட்டுவலியும் சேர்ந்துகொள்ள, ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். தம்பானூர் பஸ் நிலையத்தில் காலைப் பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனேன். பையை மேலே வைத்துவிட்டுக் கீழே இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்று, இத்தனை வருடமாகத் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அக்கா, என்ன மன்னிச்சிட்டீங்களா?"

"என்கிட்ட எதுக்குட்டி கேக்க? நான்தான் பொழச்சிட்டேனே." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அந்த லாட்ஜுக்காரருக்காக வருசா வருசம் பழவங்காடியில ஒரு தேங்கா ஒடச்சேன். உனக்குக்கூடச் சொல்லல. பிள்ளையார்கிட்ட, லாட்ஜுக்காரரு, லாட்ஜுக்காரருன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். பேரு தெரியாதுல்லா? இனி எங்க ஊர்க் கோயில்லதான் ஒடைக்கணும். அங்க உள்ள சாமிக்கு லாட்ஜுன்னா என்ன தெரியும்? அவரு பேரச் சொல்லு."

நோயாளியின் பெயர் நிலையத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் வேலையில் அது உயிர் மாதிரி. அதற்கு முன்பும் பின்பும், ஓய்வுபெறும்வரை, நான் அதை மீறியதில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் ஜன்னலருகே எக்கி நின்று அவர் காதில் அந்தப் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன்.

பஸ் பின்வாங்கித் திரும்பியது. ஜன்னலில் இசக்கியக்கா எனக்குக் கைகாட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஊர் போய்ச் சேருவதற்குள் மறந்துவிடாமல் இருக்க, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.